கதையில் இல்லாத இருமல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது எனக்கு நடந்தது. இன்றைக்கும் நான் ஹெட்போன் மாட்டுவதில்லை.

நான் வீடியோ கேம் கம்பெனியில் வேலை செய்கிறேன். விளையாட்டு விற்பனைக்கு வருமுன் ஆடிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் விளையாட்டு நடப்பது ஒரு பெரிய நகரத்தில். இஷ்டம்போல் சுற்றலாம், கார் திருடலாம், பேங்கைக் கொள்ளையடிக்கலாம். அது சக்கைப்போடு போட்டதால், அதே நகரத்தில் புது ஆளை வைத்துத் தனிக்கதை ஒன்று தயாரித்தோம். பழையது இல்லாமலே இதை மட்டும் வாங்கி ஆடலாம்.

நாயகன், கொள்ளைக்காரர்களுக்குக் கார் ஓட்டுபவன். அவனுக்குக் குரல் கொடுத்தவர் என் அக்கா வீட்டுக்காரர். திரையில் அவர் குரலைக் கேட்டால் ஊரே நடுங்கும். வீட்டில் கரப்பான் பூச்சியைக் கண்டால் மாமா நாற்காலி மேல் ஏறிவிடுவார்.

அன்று சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மாமா மீதி வசனம் பேச ரெக்கார்டிங்குக்குப் போயிருந்தார். என்னோடு வேலை செய்பவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பேங்க் கொள்ளைக் காட்சி. காரில் காத்திருக்கும் டிரைவர், "சீக்கிரம் ஏறுங்கடா!" என்று கத்த வேண்டும்.

கத்தவில்லை. இருமினான்.

ஒலிப்பதிவைத் தனியாகத் திறந்து கேட்டேன். "சீக்கிரம் ஏறுங்கடா!" சுத்தமாக இருந்தது. இருமலே இல்லை.

காட்சியை மறுபடி ஓட்டினேன். இந்த முறை டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டான். உள்ளேயிருந்து கார்க் கண்ணாடியைத் தட்டினான்.

டொக்... டொக்...

அப்படி ஓர் அசைவை நாங்கள் செய்யவே இல்லை.

"குட்டி..."

மாமா மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார்.

"குட்டி... கதவு திறக்க மாட்டேங்குது..."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். பிளக்கை உருவினேன். திரை இருண்டது.

மேஜையில் கிடந்த ஹெட்போனில்...

டொக்.

மாமாவுக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தார்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்."

"ரெக்கார்டிங் முடிஞ்சுதா?"

"எல்லாம் முடிஞ்சுது."

பின்னால் ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லை. குரல் மட்டும். கட்.

போன உயிர் திரும்பி வந்தது. அக்காவுக்குச் சொன்னேன்.

"அப்பாடா! மத்தியானத்துல இருந்து எடுக்கவே இல்லடி. சாப்பாட்டைச் சூடு பண்றேன்."

சூடு பண்ணிய சாப்பாடு ஆறிப்போனது. எட்டு மணிக்கு ஒரு போலீஸ்காரர் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார்.

ரெக்கார்டிங் அறை தரைக்குக் கீழே இருந்தது. ஒயரில் தீ மூண்டு, புகை சூழ்ந்திருக்கிறது. கதவு சிக்கிக்கொண்டது. சத்தம் வெளியே போகாதபடி கட்டிய அறை. உள்ளே தனியாக இருந்த மாமா எவ்வளவு தட்டியிருந்தாலும் தெருவில் யாருக்கும் கேட்டிருக்காது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "மூணு மணிக்கே உயிர் போயிருக்கு."

"இல்ல டாக்டர். ஆறு மணிக்கு மேல என்கிட்ட பேசினார்." என் போனை நீட்டினேன். அந்த அழைப்பு அதில் இருந்தது.

போலீஸ்காரர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே உருகி, கட்டியாகிப்போன ஒரு போன்.

"இவர் சட்டைப் பையில இருந்தது."

அக்கா அதைப் பார்க்கவே இல்லை. என் கையைத்தான் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வந்துக்கிட்டு இருக்கேன்னுதானே சொன்னாரு?"