கட்டைவிரலின் அடியில் ஒரு மூட்டு

போன வருடம் மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன், ஒரகடத்தில் கார் கதவுகள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் நடந்தது இது. ரோபோக்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை பொருத்தும் வேலையை ரோபோவிடம் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். அது சரியாக வந்துவிட்டால், அந்த இடத்தில் நிற்கும் அக்காவுக்கு வேலை இருக்காது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ரோபோவின் கைக்கு ஆறு மூட்டுகள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆனால் கதவின் மேல்மூலைக்கு வந்ததும் ரப்பர் மடங்கிவிடும். இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டும் வழிக்கு வரவில்லை. கடைசியில், மண்ணூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் அந்த அக்காவின் கையைப் படம் பிடிக்கப் போனேன்.

"கொஞ்சம் மெதுவா செய்ங்க அக்கா."

"மெதுவா செஞ்சா வராது சார். கை யோசிக்க ஆரம்பிச்சிடும்" என்று சிரித்தார்.

படத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். தோளில் பந்துக்கிண்ண மூட்டு, எல்லாப் பக்கமும் சுழன்றது. முழங்கை கதவுக்கீல் போல மடங்கி நீண்டது. முன்கை திரும்பியது, மணிக்கட்டு சாய்ந்தது. இதெல்லாம் என் ரோபோவும் செய்யும். மிச்சம் இருந்தது, மூலையில் ரப்பரை அழுத்தி வளைத்துவிடும் கட்டைவிரல்தான். அதன் அடியில் இருப்பது சேண மூட்டு என்று பள்ளியில் படித்து, மார்க் வாங்கி, மறந்தும் போயிருந்தேன். ஓர் எலும்பின்மேல் இன்னொன்று சேணம் போல உட்கார்ந்து, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசையும்.

சோதித்துப் பார்க்க, அந்த இடம் அசையாதபடி டேப் சுற்றிவிட்டுப் பொருத்தச் சொன்னேன். ரோபோவுக்கு மடங்கிய அதே மூலையில் அவருக்கும் ரப்பர் மடங்கியது.

"பாருங்க சார், நானும் உங்க மிஷின் மாரி ஆயிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டேப்பைப் பிரித்தபடி, இதெல்லாம் எதற்கு என்று தெரியுமா எனத் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"தெரியாம இன்னா? ரோபோ வந்தா என்னை நிறுத்திடுவாங்கன்னு லைன்ல எல்லாரும் பேசிக்கினுதான் கீறாங்க."

"அப்புறம் ஏன் அக்கா சரியா காட்டுனீங்க? தப்பா காட்டியிருக்கலாமே?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ரப்பர் மடங்குனா மழைத்தண்ணி உள்ள பூந்துடும் சார். யாரு வண்டியோ, குயந்த குட்டிங்க உக்காரும். தெரிஞ்சே எப்டி தப்பா செய்றது?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. கனமான கதவைத் தூக்கிப் பிடிக்க ரோபோ, ரப்பரைப் பொருத்த அக்கா என்று அறிக்கை எழுதினேன். மேலதிகாரி முதலில் முகம் சுளித்தார். டேப் சுற்றிய கையிலும் ரப்பர் மடங்கியதை நான் எடுத்திருந்த படத்தில் காட்டியதும் ஒப்புக்கொண்டார். அக்கா இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

அந்த மூட்டைப் பற்றிப் பார்ப்பவரிடமெல்லாம் வியந்து பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மழையில் ஒரு கார் கடந்துபோகும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது, வேலையே போகும் என்று தெரிந்தும் தப்பாகச் செய்துகாட்ட மனம் வராத அந்த அக்காதான்.