நாற்பது மில்லிமீட்டர் கூடுதல்

ஜமுனாமரத்தூரிலிருந்து செல்லும் பேருந்துச் சாலை முடிந்த பிறகும் நெடுந்தூரம் போக வேண்டிய ஒரு மலையூருக்கு, வாரம் இருமுறை சென்று வந்தேன். முதியோர் உதவித்தொகைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் மனு எழுதிக் கொடுத்து, அவற்றைத் தாலுகா அலுவலகத்தில் சேர்ப்பது என் வேலை. மோட்டார் சைக்கிள் பாதி வழிதான் போகும். அதனால் மலைப்பாதைக்கென்றே செய்யப்பட்ட சைக்கிள் ஒன்றை வைத்திருந்தேன். புகையில்லை, இரைச்சலில்லை, அதனால் எவருக்கும் தீங்கில்லை என்று நம்பினேன்.

அதன் முன்சக்கரத்தைத் தாங்கும், ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்தான் என் பொறுமையைச் சோதித்தது. நூறு மில்லிமீட்டர் அமுங்கும் என்பார்கள். இறக்கத்தில் ஒரு கல்லின் மேல் ஏறி இறங்கினால் அடிவரை போய் முட்டிக்கொள்ளும். பிரேக் பிடித்தால் அதன் மெல்லிய கால்கள் முறுக்கிக்கொண்டு, சக்கரத்தை வேறு பக்கம் திருப்பிவிடும். மனு எழுத உட்காரும்போது மணிக்கட்டு வலியில் பேனா நடுங்கும். ஓராண்டுச் சேமிப்பில், தடித்த கால்களுடன் நூற்று நாற்பது மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க் ஒன்றை வாங்கி, வேலூரில் ஒரு கடையில் பொருத்தக் கொடுத்தேன்.

"உங்க ஃபிரேமுக்கு இது ஒசரம் சார்," என்றார் மெக்கானிக். "எறக்கத்துல ராஜா மாதிரி போவீங்க. ஏத்தத்துல முன்சக்கரம் அலையும். அப்புறம் வந்து என்னத் திட்டாதீங்க."

"ஏத்தத்துல மெதுவாத்தானே போவேன்?"

"மெதுவா போறப்போதான் சார் அலையும்."

அவர் சொன்னபடியே ஆயிற்று. முன்பு மிதித்தே ஏறிய இடங்களில் முன்சக்கரம் இருபுறமும் அலைந்ததால், இறங்கித் தள்ள நேர்ந்தது. இருக்கையை முன்னே நகர்த்தினேன், கைப்பிடியைத் தாழ்த்தினேன், பெரிய பலனில்லை. ஏற்றத்தில் இழந்ததை இறக்கத்தில் ஈடுகட்டியாக வேண்டும் என்ற எரிச்சல் எனக்குள் வளர்ந்தது. பின்னர் நடந்த தவறுக்கு அதுவே காரணம்.

ஊருக்குக் கீழே, சாமை விதைத்த ஒரு கொல்லை நிலத்தை ஒட்டிப் பாதை இறங்கும் சரிவில், மூன்று இடங்களில் கற்கள் குறுக்கே சாய்வாகப் பதிந்திருந்தன. முதலிரண்டு வரிசைகளைப் புதிய ஃபோர்க் எளிதாக விழுங்கிக்கொண்டது. மூன்றாவது, வளைவில் இருந்தது; அங்கே மட்டும் சக்கரம் முட்டி நின்றது. ஒரு நாள் பிற்பகல், அந்த வரிசையின் நடுவிலிருந்து நான்கு கற்களைப் பெயர்த்து ஓரத்தில் உருட்டினேன். தொடங்கிய வேலை அரைகுறையாக இருக்க வேண்டாமென்று, மேல் வரிசைகளிலும் சக்கரம் போகும் அளவு வழி திறந்தேன். தலைச்சுமையோடு நடப்பவர்களுக்கும் இது உதவும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். எவரிடமும் கேட்கவில்லை. மண் அரிப்பைத் தடுக்கும் முறைகள் பற்றிக் கல்லூரித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். என் கையிலிருந்த கல் எதற்காக அங்கே வைக்கப்பட்டது என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

நான்காம் நாள் பெருமழை. அடுத்த முறை நான் சென்றபோது, கொல்லைக்கு உரிய பெண் மண்வெட்டியோடு நின்றிருந்தார். அவருடைய தம்பி வரப்பில் உட்கார்ந்திருந்தார். பாதையில் சேர்ந்த நீரெல்லாம் என் சக்கரத் தடத்தில் நேராக ஓடிவந்து, வளைவில் கொல்லைக்குள் புகுந்திருந்தது. விரலளவு முளைத்திருந்த சாமைப் பயிர், மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டையாக மண்ணோடு போயிருந்தது.

"கல்ல நீங்கதான் எடுத்தீங்களா சார்?"

"ஆமாங்க. வழியில இடைஞ்சலா இருக்குன்னு நெனச்சேன்."

"யாருக்கு?"

தம்பி சிரித்தார். "வண்டிக்குப் புது ஸ்பிரிங்கு போட்டுக்கீறேன், எந்தக் கல்லயும் தாண்டும்னு சொன்னாரே. தாண்டுற வண்டிக்கு இன்னாத்துக்கு கல்ல எடுக்கணும்?"

நான் சைக்கிளை ஓரமாகச் சாய்த்து வைத்தேன்.

"பாதத் தண்ணிய அந்தாண்ட ஓடைக்குத் திருப்புறதுக்குப் போட்ட கல்லு சார் அது," என்றார் அந்தப் பெண். "வருசா வருசம் மழைக்கு முன்ன சரி பண்ணி வெப்போம். வூடு இங்கதான கீது? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அன்றே கற்களைத் திரும்பப் பதித்தோம். நான் முதலில் நேர்க்கோடாக அடுக்கினேன். அந்தப் பெண் அவற்றைப் பிடுங்கிச் சாய்வாக வைத்து, இடுக்குகளில் புல்லும் மண்ணும் திணித்தார். அடுத்த மழையில் நீர் ஓடைக்குப் போயிற்று. மண்ணோடு போன பட்டையில், நாத்தனாரிடம் விதை வாங்கி மறுபடி விதைத்தார். அது முளைத்தது; ஆனால் மற்றப் பயிருக்கு மூன்று வாரம் பிந்தி.

பிந்தியதன் விளைவு அறுவடையில் தெரிந்தது. சாமை அறுத்து முடிந்ததும் ஊரார் கூடி ஒரு நாள் குறித்து, எல்லாக் கொல்லைகளையும் மாடுகள் தாள் மேயத் திறந்துவிடுவார்கள். அந்த நாள் நெருங்கியபோது அந்தப் பெண் மறுபடி விதைத்த பட்டை இன்னும் பச்சையாகவே நின்றது. நான் அவரோடு ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரிடம் போய், பத்து நாள் தள்ளிவைக்கும்படி, மனுவில் எழுதுவதுபோல் காரணங்களை அடுக்கிப் பேசினேன்.

முழுவதையும் கேட்டுவிட்டுக் கவுண்டர் சொன்னார்: "ஊரு மாட்டயெல்லாம் பத்து நாளு கட்டிப்போட்டா தீனிக்கு எங்க போறது? காவலுக்கு நீங்க இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றேன்.

"வுடுங்க சார்," என்று அந்தப் பெண் இடைமறித்தார். "ஒத்த ஆளு எத்தினி மாட்ட ஓட்டுவீங்க? இன்னும் ரெண்டு ஊரு மனு உங்களுக்குக் கீது."

மறுநாள் காலை, மாடுகள் வருவதற்கு முன் அந்தப் பட்டையை அவரே அறுத்தார். கட்டுகளை அவர் வீட்டுத் தொழுவம்வரை நான் சுமந்தேன். ஒரு கதிரை நகத்தால் நசுக்கிப் பார்த்தேன். மணி பிடிக்காமல் பாலாகவே இருந்தது. அவர் கட்டுகளை அவிழ்த்துத் தன் மாடுகளின் முன்னால் உதறிப் போட்டார்.