ஏற்காடு என்ற பெயருக்கு ஓர் ஆட்சேபம்

அரசாங்கம் என்றால் உத்தரவு போடும், மற்றவர்கள் கேட்டு நடப்பார்கள் என்றுதான் அந்த வயதுவரை நான் நினைத்திருந்தேன். அரசாங்கமும் ஓர் இடத்தில் போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "எங்கள் ஆலோசனை இதுங்க, பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால், போய்யா வேலையைப் பார்த்துக்கொண்டு என்று அனுப்பியிருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஏற்காடு கடைவீதியில் எங்கள் அத்தாவின், அதாவது அப்பாவின், மளிகைக் கடை. அதன் ஓரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட எஸ்.டி.டி. பூத். அந்தப் பூத்துக்குள் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்ததிலிருந்து நான்தான் அதற்கு ராணி. அத்தா அரிசியும் மிளகும் நிறுப்பார். நான் மோடத்தைக் கிரீச்சிட வைத்து சேலத்துக்கு டயல் செய்து, லைன் கிடைத்தால் சிரிப்பேன், அறுந்தால் திட்டுவேன். மழை பிடித்தால் திட்டுதான் அதிகம்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்காட்டுக்காக ஒரு பக்கம் செய்து இன்டர்நெட்டில் ஏற்றியிருந்தேன். எந்தப் பஸ் எப்போது மேலே வரும், எந்த லாட்ஜுக்கு என்ன போன் நம்பர், எந்தப் பாதையில் அட்டை கடிக்கும், எல்லாம் அதில் இருக்கும். ஒரே ஒரு குறை. அதன் விலாசம் அனுமார் வால்போல நீளம். அதை அடித்து முடிப்பதற்குள் கேட்டவருக்கு ஊட்டிக்கே போய்விடலாம் என்று தோன்றிவிடும். அதனால் ஊர்ப் பெயரையே விலாசமாக வாங்கிவிட வேண்டும், ஏற்காடு டாட் இன் என்று அடித்தால் என் பக்கம் வந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை என்றா சொன்னேன்? வெறி.

டாட் இன் என்று முடியும் பெயர்களைக் கொடுக்கத் தில்லியில் ஓர் அலுவலகம் இருந்தது. எழுதிப் போட்டேன். நீங்கள் கம்பெனி அல்ல, தனி ஆள், எனவே உங்களுக்குக் கிடையாது என்று பதில் வந்தது. அதோடு விட்டார்களா? இதே பெயரைக் கேட்டு ஒரு கம்பெனி ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறது, ஊர்ப் பெயர் என்பதால் மாநில அரசின் ஆலோசனையைக் கேட்டிருக்கிறோம் என்றும் சொன்னார்கள். எனக்கு உச்சந்தலையில் மிளகாய் அரைத்த மாதிரி இருந்தது.

அந்தக் கம்பெனிக்காரர் அடுத்த வாரமே காரில் மேலே வந்தார். சென்னைக்காரர். மலைக்குக் கீழே சமவெளியில் ஓர் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார். லாட்ஜ்காரர்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, "இனிமே ஏற்காடுன்னு யார் தேடினாலும் எங்ககிட்டதான் சார் வருவாங்க. உங்க லாட்ஜையும் ஒரு ஓரமா இலவசமா போட்டுடறோம்" என்றார். கீழே இருக்கிற ஓட்டலுக்கு மேலே இருக்கிற ஊரின் பெயர்! நம் ஊரில் நம்மை ஓரமாகப் போடுவாராம், அதுவும் இலவசமாக! லாட்ஜ்காரர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினார்கள்.

செய்தி ஜீப் ஸ்டாண்டுக்குப் போனது. மஞ்சக்குட்டை, வாழவந்தி, செம்மநத்தம் என்று பங்கு வைத்து ஆள் ஏற்றும் ஜீப்புகள் நிற்கிற இடம் அது. ஸ்டாண்டுத் தலைவர் செம்மநத்தத்துக்காரர், கோபம் வந்தால் சொல்லை முந்திக்கொண்டு கை பேசும்.

"அதென்னுங்க நம்ம பேரை அவன் எடுத்துக்கறது? நாளைக்கே மறியல் பண்ணிப்போடலாமுங்க. கொண்டை ஊசி வளைவுல நாலு ஜீப்பைக் குறுக்க நிறுத்திட்டா, அவனோட இன்டர்நெட் எப்படி மேல வருதுன்னு பார்த்துப்போடலாம்!"

அடுத்த நாள் நிறுத்தியும்விட்டார்கள். இரண்டு பஸ்ஸும் ஒரு கல்யாண வேனும் மாட்டிக்கொண்டன. மாப்பிள்ளையின் சித்தப்பா இறங்கிவந்து கும்பிட்டார். இன்டர்நெட் ரோட்டில் வராதுங்க, போன் கம்பியில் வருதுங்க என்று நான் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்பக் கம்பியை மறிச்சுப்போடலாமுங்களா?" என்றார் தலைவர். என் பிழைப்பே அந்தக் கம்பியில்தான் இருக்கிறது சாமி என்று கையெடுத்துக் கும்பிட்டுத்தான் ஜீப்புகளை எடுக்கவைத்தேன். அன்றைக்கு முழுவதும் அத்தா என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். "இன்டர்நெட்டை வளைவுல புடிச்சுட்டாங்களா கண்ணு?"

கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறிய சமயம் அது. ஒரு நாள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மா உள்ளே வந்தார். பருத்திச் சேலை, தோளில் ஒரு பை, திருநெல்வேலிப் பேச்சு. தில்லியில் வேலை, அவசரமாக ஒரு மெயில் அனுப்ப வேண்டும் என்றார். தில்லி என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டது. லைன் கிடைக்கும்வரை அந்த அலுவலகத்தையும் அரசாங்கத்தையும் பிரித்து மேய்ந்துவிட்டேன். அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டால் முடிகிற காரியத்துக்கு ஆலோசனையாம், மண்ணாங்கட்டியாம் என்றேன்.

அந்த அம்மா மெயிலை அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ திட்டுற வேலையைத்தான் நான் செய்யுதேன்" என்றார்.

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரோ கோபப்படாமல் விளக்கினார். டாட் காம் மாதிரியான பெயர்களை உலகம் முழுக்க நடத்துவது எந்த அரசாங்கமும் இல்லை, ஒரு தனி அமைப்பு. பல நாட்டு அரசாங்கங்கள் அங்கே போய் ஒன்றாக உட்கார்ந்து பேசுகின்றன. நம் நாட்டுக்காக இவரும் போகிறார். பேசி முடித்து ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். முடிவு அவர்களுடையது.

"அப்ப அரசாங்கமே போய்க் கெஞ்சுதுங்களா மேடம்?"

"கெஞ்சலை. எல்லா நாடும் ஒரே குரல்ல சொன்னா அதைச் சும்மா தள்ளிற முடியாது. தள்ளுனா ஏன் தள்ளுனோம்னு அவங்க காரணம் சொல்லணும். அதான் எங்க பலம். ஆனா எங்களுக்குள்ளயே ஒருத்தர் ஆட்சேபம்னு கையைத் தூக்கிட்டா, 'சில நாடுகள் இப்படி நினைக்கின்றன'ன்னுதான் எழுத முடியும். அதை எவன் மதிப்பான்?"

நம் ஊர் விஷயத்திலும் இதே கதைதான் என்றார். மாநிலம் மாவட்டத்தைக் கேட்கும், மாவட்டம் ஊரைக் கேட்கும். ஊர் இரண்டாகப் பேசினால் கம்பெனிக்குத்தான் லாபம். "ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு தெரியாதா? மறியல் வேண்டாம்மா. ஒரே ஒரு ஆலோசனை, அதுக்கு ஒரு நல்ல காரணம். அது போதும்."

அவர் போன பிறகும் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்த ஆட்சேப விவகாரம் எங்கள் ஸ்டாண்டுக்குப் புதிதா என்ன? ஜீப்பின் முன்கண்ணாடியில் ஊர்ப் பெயர் எழுதிய தகரப் பலகை ஒன்று இருக்கும். ஜீப் யாருடையதாகவும் இருக்கலாம், பலகை அந்த ஊருடையது. வாழவந்திப் பலகை மாட்டினால் வாழவந்திக்காரர்களை ஏற்றிய பிறகுதான் டூரிஸ்டுகளை ஏற்றலாம், டூரிஸ்ட் எவ்வளவு நீட்டினாலும் சரி. புது வண்டிக்குப் பலகை கொடுக்கும்போது தலைவர் சந்தை நாளில் எல்லார் முன்னாலும் கேட்பார், "ஆட்சேபம் உண்டுங்களா?" யாரும் வாய் திறக்காவிட்டால் பலகை அவருக்கு. ஒருவர் ஆட்சேபித்தாலும் அன்றைக்குக் கிடையாது. ஆனால் ஆட்சேபித்தவர் காரணம் சொல்லியாக வேண்டும். அவன் மூஞ்சி எனக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் செல்லாது.

உலக அரசாங்கங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டிருந்ததை எங்கள் ஜீப் ஸ்டாண்டு எத்தனையோ காலமாகச் செய்துவந்திருக்கிறது என்று நினைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தலைவரைப் பார்க்க ஓடினேன்.

மாவட்டத்திலிருந்து ஊரின் கருத்தைக் கேட்க ஓர் அதிகாரி வந்தார். கூட்டத்தை ஸ்டாண்டிலேயே போட்டோம். லாட்ஜ்காரர்கள், ஜீப்காரர்கள், எஸ்டேட் ஆட்கள், கடைவீதி மொத்தமும் வந்துவிட்டது. சென்னைக்காரரும் வந்து பளபளப்பாகப் பேசினார். முன்னேற்றம் என்றார், உலகச் சந்தை என்றார். எனக்குப் பயமாக இருந்தது. லாட்ஜ்காரர்கள் அவர் பக்கம் சாய்வது கண்ணுக்கே தெரிந்தது.

தலைவர் எழுந்தார். "ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. வாழவந்திப் பலகையை மாட்டிக்கிட்டு மலைக்குக் கீழயே ஒருத்தன் வண்டி ஓட்டுனா, உடுவோமுங்களா?"

"எப்படிங்க உடறது?" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. லாட்ஜ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேருடைய மச்சான்களும் தம்பிகளும் ஜீப் வைத்திருப்பவர்கள். பலகை என்றால் என்ன என்று அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பல்லைக் காட்டியவர்கள் வாயை மூடினார்கள்.

"கம்பெனிக்குப் பேரு வேண்டாம், தனி ஆளா இருந்தாலும் நம்ம பூத்துக்காரப் பொண்ணுக்கே கொடுக்கலாம்னு எழுதச் சொல்லலாமுங்க. ஆட்சேபம் உண்டுங்களா?" என்றார் தலைவர்.

வெண்ணெய் திரண்டு வந்துவிட்டது.

"உண்டுங்க."

எஸ்டேட் ரைட்டர். கூலி, பேரேடு, ஆள்கணக்கு எல்லாம் பார்க்கிறவர். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவர், என் பூத்தில் தினமும் மகளுக்குப் போன் செய்கிறவர். நம் ஆள் என்று நான் எண்ணியிருந்தவர்!

"காரணம்?" என்றார் தலைவர்.

"கம்பெனிக்கும் வேண்டாமுங்க, அது சரி. இந்தக் கண்ணு நொம்ப நல்ல பொண்ணு, அதுவும் சரி. நாளைக்குக் கல்யாணம் கட்டிக்கிட்டு ஈரோடோ கோயமுத்தூரோ போச்சுன்னா, ஊர்ப் பேரும் கூடவே போயிருமுங்களே? அவங்க ஊட்டுச் சொத்தாப் போயிருமுங்களே?"

கல்யாணம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே அவர் தலையில் மோடத்தைத் தூக்கிப் போட்டிருப்பேன். சென்னைக்காரர் முகத்தில் ஒரு சின்னப் புன்னகை ஓடியது. அதிகாரி பேனாவை மூடப் போனார். "அப்படின்னா ஊர்ல ஒத்த கருத்து இல்லைன்னு எழுதிக்கறேன்" என்றார்.

அந்தப் பேனா மூடி என் நெஞ்சில் இடித்தது. ஆனால் ரைட்டர் சொன்ன காரணம் செல்லும். பலகை ஊருடையது என்று அதுவரை எல்லாருக்கும் ஓதியவள் நான். அதை என் கண்ணாடிக் கதவுக்குள் மாட்டிக்கொள்ள ஆசைப்பட்டவளும் நானே. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். சொல்லவே மனம் வரவில்லை. அந்தப் பெயருக்காக நான் எத்தனை ஏங்கியிருக்கிறேன்! இருந்தாலும் கீழே இருக்கிற ஓட்டலுக்கு அது போவதைவிட...

"எனக்கு வேண்டாமுங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "யாருக்குமே வேண்டாம். ஏற்காடுங்கற பேரு ஏற்காட்டுக்கே இருக்கட்டும். பஞ்சாயத்துப் பேருல இருக்கட்டும். ஓட்டறது யாருன்னு ஊர் சொல்லட்டும், சரியா ஓட்டலைன்னா ஊரே இறக்கிவிடட்டும். இப்ப ஆட்சேபம் இருக்குதுங்களா ரைட்டரய்யா?"

ரைட்டர் என்னையே பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இல்லீங்க" என்று உட்கார்ந்தார்.

தலைவர் சுற்றிலும் பார்த்தார். ஸ்டாண்டில் ஒரு குழந்தை அழுதது, அதைத் தவிர வேறு சத்தம் இல்லை. அதிகாரி பேனாவைத் திறந்து, காரணத்தோடு எழுதிக்கொண்டார்: ஊர்ப் பெயர் ஊரின் பொதுப் பொருள், அதைத் தனியாருக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஊரார் ஒருமனதாக ஆலோசனை சொல்கிறார்கள்.

ஆலோசனைதான். உத்தரவு இல்லை. அது மாவட்டத்திலிருந்து சென்னைக்கும் சென்னையிலிருந்து தில்லிக்கும் போனது. கம்பெனிக்காரர் சும்மா இருக்கவில்லை, தில்லிக்கே போய்ப் பலரைப் பார்த்தார் என்று கேள்விப்பட்டோம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! மழைக்காலம் முழுவதும் போன் மணி அடித்தபோதெல்லாம் பாய்ந்து பாய்ந்து எடுத்து, அரிசி கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தேன்.

கடைசியில் அந்தத் திருநெல்வேலி அம்மாவே தில்லியில் அந்த அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கூப்பிட்டார். "தள்ளிப் பார்த்தாங்கம்மா. தள்ளுறதுக்கு ஒரு காரணமும் கிடைக்கலை. உங்க ஊர் பேர் உங்க ஊருக்கே" என்றார். நான் போட்ட கூச்சலில் அத்தா தராசைக் கீழே போட்டார்.

ஸ்டாண்டில் ஜீப்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தார்கள். ஏரிப் பக்கத்திலிருந்து டூரிஸ்டுகள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். லாட்ஜ்காரர்கள் எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள், முதலிலிருந்தே எங்கள் பக்கம் நின்றவர்கள்போல. ஜெயித்த அன்றைக்கு அதையெல்லாம் யார் நோண்டுவார்கள்? நானும் வாங்கிக் குடித்தேன்.

அந்தச் சந்தை நாளில் தலைவர் எழுந்து, "பேரு வந்தாச்சுங்க. இனி இதை ஓட்டறது யாருங்க?" என்று கேட்டார். நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். கேட்டு வாங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். யார் எழுந்தார் தெரியுமா? ரைட்டர்.

"அன்னைக்கு இந்தப் பொண்ணுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு சொன்னதும் நான்தானுங்க. தன்னுதுன்னு நெனச்சதை ஊருக்கு முன்னால கீழ வெச்சுட்டுப் போன ஆளை இந்த மலையில நான் பார்த்ததில்லீங்க. கையில கொடுத்தா இந்தக் கண்ணு கையிலதான் கொடுக்கணும். அது எந்த ஊருக்குக் கல்யாணம் கட்டிக்கிட்டுப் போனாலும் சரி."

"ஆட்சேபம் உண்டுங்களா?" என்றார் தலைவர்.

மஞ்சக்குட்டைக்காரர்கள் பேசவில்லை. வாழவந்திக்காரர்கள் பேசவில்லை. லாட்ஜ்காரர்கள் பேசவில்லை. அத்தா கடை வாசலில் நின்று சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அழவில்லை. ஜெயித்தவள் எதற்கு அழ வேண்டும்? மோடத்தைக் கிரீச்சிட வைக்க ஓடினேன், ஊரே பின்னால் ஓடிவந்தது.