அணைத்தாலும் வடியும் பேட்டரி

ஸ்விட்சை அணைத்துவிட்டோமா என்று தெரிந்துகொள்வதற்காகவே லோர்னா ஹுமெனியுக் அதை மறுபடி ஒருமுறை போடுவார். 'டக்' என்று கேட்கும். அணைப்பார், இன்னொரு 'டக்'. கடைசியாகக் கேட்டது போட்ட சத்தமா, அணைத்த சத்தமா என்று உடனே சந்தேகம் வந்துவிடும். மேல்விளக்கைத் தட்டிப் பார்ப்பார். எரியாது. சரி, அணைந்துதான் இருக்கிறது. அதன் பிறகும் இறங்கிவிடமாட்டார். வீட்டைச் சக்கரத்தில் ஏற்றியதுபோன்ற மோட்டார்ஹோமின் கோடிவரை நடந்துபோய், பின்னாலிருக்கும் படுக்கையைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார்.

படுக்கையில் யாரும் இருக்கப்போவதில்லை. கனடாவின் யார்க்டனில் பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. கடைசி இருக்கையில் எந்தப் பிள்ளையும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்று பார்க்கவேண்டும். நிறுத்திய வண்டியில் மெயின் ஸ்விட்ச் அணைந்திருக்கவேண்டும். ஓய்வு பெறும்வரை இரண்டிலும் அவர் பிசகியதில்லை. "வண்டி தூங்கும்போது எல்லாமே தூங்கணும்" என்பார்.

இந்த வண்டி தூங்கும் இடம் ஊருக்கு வெளியே, கடுகு மாதிரி மஞ்சளாய்ப் பூக்கும் கனோலா வயலை ஒட்டிய கம்பிவேலி அடைப்பு. அக்டோபரில் கொண்டுவந்து விட்டால் மே மாதம்தான் வெளியே எடுக்க முடியும். அங்கே மின்சாரம் கிடையாது. கூரைமேல் ஒரு சோலார் பேனல் இருக்கிறது. கணவர் வாசில் பொருத்தியது. அந்தக் காலத்தில் ஓட்டுவது லோர்னா, மற்றதெல்லாம் வாசில் என்று பங்கு பிரித்திருந்தார்கள். பக்கவாதம் வாசிலின் வலது பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. 'ஆமா' என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்தது.

"வாசில், ஸ்விட்சை அணைச்சிட்டு வரணுமா?"

"ஆமா."

"இல்ல, போட்டே வைக்கணுமா?"

"ஆமா."

இரண்டு தடவையும் அவர் ஒரே உறுதியோடுதான் சொல்வார், இதைக்கூடவா கேட்பாய் என்ற எரிச்சலோடு.

வண்டியை விற்றுவிடலாம் என்று மகன் டேரல் சொல்லிக்கொண்டேயிருந்தான். பக்கத்து ஊர் மெல்வில்லில் ஒருவர் கேட்டபடி இருக்கிறாராம். ஆனால் வாசிலை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போக லோர்னாவுக்கு வேறு வழியில்லை. அவர் படுக்கையும், அவர் உயரத்துக்குக் கைப்பிடி வைத்த கழிவறையும் அந்த வண்டிக்குள்தான் இருக்கின்றன. கடைசியில் அக்டோபரில், நன்றித் திருநாளின் வான்கோழி விருந்தன்று மேசையில் ஒரு பேச்சு முடிவானது. மே மாதம் அடைப்பிலிருந்து எடுக்கும்போது வண்டி தானாகக் கிளம்பவேண்டும். இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பினால் கணக்கில்லை. கிளம்பாவிட்டால் மெல்வில்காரருக்குப் போன் செய்யவேண்டியதுதான். "அது கிளம்பும்டா, நீ உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளு" என்றார் லோர்னா.

கிளம்பும் என்பதற்கு அறிகுறி எதுவும் தென்படவில்லை. சுவரில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டுவிட்டு அதை அழுத்தினால் பேட்டரியின் நிலையைச் சொல்ல நான்கு விளக்குகள் எரியும். நவம்பரில் நான்கு எரிந்தன. கிறிஸ்துமஸுக்கு முன் மூன்று. ஜனவரியில் இரண்டு எரிந்து, இரண்டாவது கண்ணைச் சிமிட்டியது. கூரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது, ஸ்விட்சோ அணைந்திருக்கிறது. பிறகு எங்கேதான் போகிறது எல்லாம்? நிறைந்த பேட்டரி எந்தக் குளிரையும் தாங்கும், வடிந்தது உறைந்து வெடித்துவிடும் என்று வேறு கேள்விப்பட்டிருந்தார். இரவில் வெப்பமானி இறங்க இறங்க, எழுந்து எழுந்து போய் அதைப் பார்ப்பார்.

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. அடைப்பின் சொந்தக்காரர் பேட்டரியைக் கழற்றி வீட்டு நிலவறையில் வைக்கச் சொன்னார். தேவாலயத்தில் பெரோகி என்னும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை மடிக்கும் பெண்களில் ஒருத்தி, பனிக்காலத்துச் சூரியனுக்கு சக்தியே இல்லை என்றாள். அவள் மைத்துனி, குளிரில்தான் பேனல் நன்றாக வேலை செய்யும் என்றாள். லோர்னா இரண்டையும் நம்பினார். ஏணி போட்டு ஏறி, துடைப்பத்தால் பேனலில் கிடந்த பனியைத் தள்ளினார். கீழே காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த வாசில் கண்ணாடியை இடது கையால் தட்டித் தட்டி எதையோ சொல்லப் பார்த்தார். இறங்கி வந்து கேட்டபோது 'ஆமா' என்றார்.

பிப்ரவரியில் ஒருநாள் பனிப்புயல் வருகிறது என்று ரேடியோ சொன்னதும் லோர்னா அவசரமாகக் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினார். பாதி பெரோகி மடிக்கும்போதுதான் உறைத்தது. ஸ்விட்சை அணைக்கவில்லை. போய் அணைக்கலாம் என்றால் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். புயல் ஓய்ந்து பளீரென்று வெயில் அடித்தும், சாலை திறக்க மேலும் நாலு நாள் ஆனது. அதுவரை அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 'நானே கொன்னுட்டேன், நானே கொன்னுட்டேன்' என்று கழுவுதொட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பப் போய்ப் பொத்தானை அழுத்தினார். நான்கு விளக்குகளும் எரிந்தன.

ஒருமுறை அழுத்தினார், மறுபடி அழுத்தினார். நான்குதான். சந்தோஷம் வரவில்லை; வண்டி தன்னைக் கேலி செய்வதுபோல் இருந்தது. பக்கத்து வண்டியின் சக்கரங்களிலிருந்து பனியை வாரிக்கொண்டிருந்த எல்மர் ஃப்ரீசனைக் கூப்பிட்டார். எல்மர் மண்டிபோட்டு, கம்பிகளை டார்ச் அடித்துப் பார்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார்.

"பேனல்லேர்ந்து வர்ற கம்பி ஸ்விட்சுக்கு அந்தப் பக்கம் சேருது லோர்னா. நீங்க அணைச்சா வெயிலுக்கும் பேட்டரிக்கும் உறவு அறுந்துபோச்சு. பஸ் கதவைச் சாத்திட்டு, பிள்ளைங்க ஏன் ஏறலைன்னு கேட்ட கதைதான்."

"அணைச்சு வச்சாலும் வடிஞ்சுதே?"

"கேஸ் கசிஞ்சா கத்துற பெட்டி ஒண்ணு இருக்கே, அதை நேரா பேட்டரியில கட்டியிருக்காங்க. அது தூங்காது."

"அப்போ ஜாக்கிரதையா இருந்ததுதான் தப்பா?"

"இந்த வண்டிக்கு மட்டும்" என்றார் எல்மர். தன் வண்டியில் அணைத்துத்தான் வைக்கவேண்டும், அது வேறு கம்பெனி என்றும் சொல்லி, தெளிந்துவந்த கொஞ்சத்தையும் குழப்பிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து லோர்னா ஸ்விட்சைப் போட்டே வைத்தார். ஆனால் கை கேட்கவில்லை. வாசற்படியில் நின்று ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொள்வார். சிலநாள் நெடுஞ்சாலைவரை போய்விட்டு, பழக்கதோஷத்தில் அணைத்திருப்போமோ என்று திரும்பி வருவார். போட்டுத்தான் இருக்கும். ஏப்ரலிலும் நான்கு விளக்கு எரிந்தது. அதற்காகவே அவர் கவலைப்பட்டார்.

மே மாதம் டேரல் வந்தான். இருவருமாக வாசிலைத் தூக்கி முன்னிருக்கையில் உட்காரவைத்து பெல்ட் போட்டார்கள். லோர்னா சாவியைத் திருப்பினார்.

'டிக்.' அதோடு சரி.

உள்ளே விளக்குகளெல்லாம் பளிச்சென்று எரிகின்றன. எஞ்சின் மட்டும் அசையவில்லை. மறுபடி திருப்பினார். 'டிக்.'

டேரல் ஜன்னலோரம் வந்து நின்றான். அவன் குரலில் ஜெயித்த தொனி இல்லை. "அம்மா, நீங்க காப்பாத்தினது வீட்டுக்கான பேட்டரி. விளக்கு, ஃப்ரிட்ஜ் எல்லாம் அதுல ஓடும். எஞ்சினுக்குத் தனியா ஒண்ணு இருக்கு. பேனல் அதுக்குப் போகாது."

"ரெண்டா? எல்லாரும் பேட்டரி பேட்டரின்னுதானே சொன்னீங்க. எதுன்னு யார் சொன்னா?"

அவன் போனை எடுத்தான். லோர்னா ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேருந்தில் இப்படி ஆனால் பணிமனையைக் கூப்பிடலாம். இங்கே யாரைக் கூப்பிடுவது?

அப்போது வாசில் முன்னால் சாய்ந்தார். இடது கையை நீட்டி, ரேடியோவுக்குக் கீழே இருந்த கறுப்புப் பொத்தான் ஒன்றில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். லோர்னா அதை விசிறிக்கானது என்று நினைத்திருந்தார். வாசில் விரலை எடுக்காமல் சாவியைப் பார்த்தார், பிறகு லோர்னாவைப் பார்த்தார்.

லோர்னா சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, முனகியது, பிடித்துக்கொண்டது. பின்னால் கறுப்புப் புகை எழுந்து வயல் பக்கம் போனது.

டேரல் போனைத் தாழ்த்தினான். "வீட்டு பேட்டரியை எஞ்சினோட சேர்க்கிற பொத்தான். எனக்குத் தோணவே இல்ல பாருங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "வேற வண்டி கேபிள் இல்லதான். சரி, ஒத்துக்கறேன்." பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "ஓட ஆரம்பிச்சிடுச்சுப்பா, இனி கையை எடுக்கலாம்" என்றான்.

வாசில் எடுக்கப் பார்த்தார். முடியவில்லை. அவர் கட்டைவிரலுக்கு மேல் லோர்னா தன் உள்ளங்கையை வைத்து, முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தார்.