சொட்டு அண்ணனின் முப்பது செகண்டு

“முப்பது செகண்டு. ஒரு கொட்டாவி விட்டா அதுலயே பாதி போயிடும். அந்த முப்பது செகண்டு ஒரு மனுஷன் என் பாட்டக் கேக்க மாட்டானா?”

சொட்டு அண்ணன் இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வார் என்று வீட்டில் யாரும் எண்ணுவதில்லை. காலையில் வாய் நிறைய நுரையோடு சொல்வார். பனியனுக்குள் தலை சிக்கியிருக்கும்போது உள்ளேயிருந்து சொல்வார். அவர் “முப்பது” என்று ஆரம்பித்தாலே போதும், அவர் மனைவி அதே இழுவையில், கடைசி “மாட்டானா”வுக்கு அவர் புருவம் ஏறுகிற அதே உயரத்துக்குத் தன் புருவத்தையும் ஏற்றி, வாக்கியத்தை முடித்துக் கையில் கொடுத்துவிடுவார்.

விஷயம் இதுதான். இணையத்தில் பாட்டுப் போடும் ஆப்பில், ஒருவர் முப்பது விநாடி தாண்டிக் கேட்டால்தான் ‘கேட்டார்’ என்று சேர்த்துக்கொள்வார்கள். அதற்குள் ஓடிவிட்டால் அவர் வந்ததாகவே அர்த்தமில்லை. சொட்டு அண்ணனோ தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி ஏற்றுகிறவர். அவர் பாட்டு ஒவ்வொன்றும் “ம்ம்ம்ம்” என்று நாற்பத்தைந்து விநாடி ஹம்மிங்கோடுதான் கண் விழிக்கும். இதில் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேறு.

“ஏங்க, அந்த ஹம்மிங்க வெட்டிடுங்களேன்.”

“ஹம்மிங்க வெட்டினா தலைய வெட்டின மாதிரி.”

“தலையே இவ்ளோ நீளம்னா கழுத்து என்னங்க பண்ணும், பாவம்.”

அண்ணனுக்கு வேலை கண் ஆஸ்பத்திரியில். இருபத்திரண்டு வருஷமாகச் சொட்டு மருந்து விடுகிறார், அதனால்தான் அந்தப் பெயர். டாக்டர் விழியின் உள்ளே பார்க்க வேண்டுமானால் முதலில் கண்மணி விரிய வேண்டும். அதற்குச் சொட்டு விட்டு இருபது நிமிஷம் கண்ணை மூடி உட்கார வேண்டும். சுவரோரம் பதினொரு இரும்பு நாற்காலி, நீலத் திரை, சோம்பேறித்தனமாக எரிகிற ஒரே ஒரு பல்பு. “லேசா எரியும், எரிஞ்சா நல்லது, தொறக்காதீங்க, தேய்க்காதீங்க” என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற ராகத்தில் சொல்லிக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை விட்டு முடிப்பார். அப்புறம் ஹம்மிங்கை ஆரம்பிப்பார். பதினொரு பேரும் மோவாயைத் தூக்கிக்கொண்டு, கன்னத்தில் நீர் வழிய, அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

“நம்ம பாட்டுக்கு ஒரு ஆள் பாதியில எந்திரிச்சுப் போனது கிடையாது. கண்ணுல தண்ணி வேற” என்று வீட்டில் வந்து சொல்வார். ஆகவே ஜனங்களிடம் பொறுமை இருக்கிறது, ஆப்பிடம்தான் இல்லை என்பது அவர் முடிவு.

பாட்டைப் பதிவு செய்கிற இடம் படுக்கையறைத் துணி அலமாரி. தொங்குகிற துணிகளுக்கு நடுவே மைக்கை மாட்டி, கதவைச் சாத்திக்கொண்டு பாடினால் எதிரொலி இருக்காது. டீச்சர் பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்தில் கதவைத் திறந்தால், இரண்டு உடைகளுக்கு நடுவே புருஷன் முகம் கண்ணை மூடிக்கொண்டு முனகும். ஆறு வருஷம் அவர் பொறுத்துப் பார்த்தார். ஏழாவது பாட்டும் முப்பத்தெட்டுப் பேரோடு நின்றபோது, அதில் பன்னிரண்டு பேர் சொந்தக்காரர்கள் என்று தெரிந்தபோது, அண்ணனே வாயை விட்டார்.

“இன்னும் ஒரே ஒரு பாட்டு. முழுசா நூறு பேரு முப்பது செகண்டத் தாண்டலன்னா, அலமாரிய நீயே வெச்சுக்கோ. கீபோர்ட யாருக்காவது குடுத்துடறேன். நான் இனிமே வாயத் தொறக்கல.”

சொன்னபோது சிரித்தார். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே விட்டதை டீச்சர் பார்த்தார்.

கடைசிப் பாட்டு தயாரானது. ‘இமைகள் மூடிய இடைவேளை’ என்று பெயர். ஏற்றுகிற வேலை எப்போதும் மைத்துனனுடையது. டீச்சரின் தம்பியான அவன் அச்சுக் கடையில் கம்ப்யூட்டரில் அடிக்கிறவன். சொன்னதைச் சொன்னபடி அடிப்பது அவன் தொழில் சுத்தம். ஒருமுறை ஒருவர், “பேருக்குக் கீழ ஃபோன் நம்பர் பெருசா” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ஐந்நூறு விசிட்டிங் கார்டிலும் பெயருக்குக் கீழே ‘ஃபோன் நம்பர் பெருசா’ என்று அழகாக அச்சாகியிருந்தது.

அவன் போன் செய்தபோது அண்ணன் ஒரு நோயாளியின் இமையைப் பிரித்துப் பிடித்திருந்தார்.

“மாமா, அந்த மழைப் பாட்டுதானே ஏத்தணும்?”

“அது இல்லடா. வேற பாட்டு.”

“சரி மாமா. ஆப்புல பேரு கேக்குது.”

பெயரை முந்தின நாளே அவனுக்குச் செய்தியாக அனுப்பிவிட்டோமே என்ற நினைப்பில் அண்ணன், “அதான் சொன்னேனேடா” என்று போனை வைத்தார். அந்தச் செய்தியை அவன் திறக்கவே இல்லை.

பாட்டு ‘வேற பாட்டு’ என்ற பெயரில் உலகத்துக்கு வந்தது.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். பெயர் மாற்ற விண்ணப்பித்தார், பத்து நாள் ஆகும் என்றார்கள். நான்காவது நாள் ஆப்பைத் திறந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பாட்டு தொடங்கப்பட்டது நாலாயிரத்து நூறு தடவை.

“டீச்சர்” என்று கூப்பிட்டார். சந்தோஷம் வந்தால் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார். “நாலாயிரம்.”

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்து எண்ணைப் பார்த்தார். “முப்பது செகண்டத் தாண்டினது பத்தொம்பதுங்க.”

நாலாயிரம் பேர் ஏன் வந்தார்கள், வந்தவர்கள் ஏன் ஓடினார்கள் என்று மூவரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். விடை சமையலறையில் கிடைத்தது. டீச்சர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் பாட்டுப் போடுகிற ஸ்பீக்கர் பெட்டி அலமாரி மேல் பாடிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. கை முழுக்கச் சோப்பு. வாயால் சொன்னார்.

“வேற பாட்டு போடு.”

பெட்டி மரியாதையாக, “சரி, ‘வேற பாட்டு’ போடுகிறேன்” என்றது. “ம்ம்ம்ம்” என்று புருஷன் குரல் வந்தது.

“ஐயோ, வேண்டாம். வேற பாட்டு போடு.”

“சரி, ‘வேற பாட்டு’ போடுகிறேன்.” மறுபடியும் முதலிலிருந்து “ம்ம்ம்ம்”.

நான்காவது “ம்ம்ம்ம்”முக்கு டீச்சர் சோப்புக் கையோடு தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊரில் யாருக்கு எந்தப் பாட்டு சலித்தாலும் அங்கே போய் நிற்பது சொட்டு அண்ணன்தான். விரட்டினால் திரும்ப வருவதும் அவரேதான்.

பாட்டுக்குக் கீழே வந்திருந்த செய்திகளை மைத்துனன் வாசித்துக் காட்டினான். “யாருங்க நீங்க, பல்லு வலியா?” “எங்க வீட்டு ஃப்ரிட்ஜும் இதே சுருதிதான்.” “அண்ணே, தயவுசெஞ்சு வாயத் தொறந்து பாடுங்க, இல்லன்னா எங்கள விட்டுடுங்க.”

“பேரு வெச்சது நான்தான், மாமா. நாலாயிரம் பேர வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டேன்” என்றான்.

“நாலாயிரம் பேரு வந்து செருப்பக்கூடக் கழட்டாம போயிட்டாங்கடா.”

அந்தக் குவியலில் ஒரு செய்தி மட்டும் நீளம். வீட்டிலிருந்தபடியே ஆன்லைன் ரேடியோ நடத்துகிற ஒரு அம்மா எழுதியிருந்தார். பெரிய கம்பெனி இல்லாத பாடகர்களின் பாட்டை மட்டுமே போடுகிற ரேடியோ அது. அண்ணன் போனில் கூப்பிட்டார். அந்த அம்மா மூச்சு விடாமல் பேசுகிற ரகம்.

“நான் சுவருக்குப் பெயிண்ட் அடிச்சிட்டிருந்தேங்க, வேற பாட்டு போடுன்னேன், நீங்க வந்தீங்க, ரெண்டு தடவ விரட்டினேன், போகல. மூணாவது தடவ ஏணி மேல இருந்தேன், சரி ஒழியட்டும்னு விட்டுட்டேன். ஒரு நிமிஷம் ஆனப்புறம் வரி வந்தது பாருங்க, பிரஷ்ஷ கீழ வெச்சுட்டேன். நல்ல பாட்டுங்க. சனிக்கிழமை பதினொரு மணிக்குப் போடறேன். ஆனா முன்னாடி இருக்கற முனகல எடுத்துடுங்க. எல்லாரும் ஏணி மேல இருக்க மாட்டாங்க.”

அண்ணன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். முகம் தொங்கிப்போயிற்று. பெயரை மாற்றினால் பழையபடி முப்பத்தெட்டுப் பேர். மாற்றாவிட்டால் ஆயிரம் பேரின் வசவு. ஹம்மிங்கை எடுத்தால் ரேடியோ. எடுத்தால் அது தன் பாட்டா என்பதுதான் கேள்வி.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஏழாவது நாற்காலியில் ஒரு லாரி டிரைவர். சொட்டு விட்டாயிற்று. அண்ணன் வழக்கம்போல் ஹம்மிங்கை ஆரம்பித்து, கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தார். டிரைவர் மூடிய கண்ணோடு, வெகு மரியாதையாகக் கேட்டார்.

“அண்ணே, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?”

“இதுவும் பாட்டுதாங்க.”

“அப்படிங்களா. இல்ல, கண்ணு தெரிஞ்சிருந்தா வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்திருப்பேன். அதான் கேட்டேன்.”

ஒன்பதாவது நாற்காலியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் மூன்றாவது. அப்புறம் வரிசையே குலுங்கியது. இருபத்திரண்டு வருஷமாக யாரும் ஏன் எழுந்து போகவில்லை என்பது சொட்டு அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. சொட்டு பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார். பிறகு நேராக வரியை எடுத்துப் பாடினார். வரிசை அடங்கிவிட்டது. டிரைவர் கால் கட்டைவிரலால் தாளம் போட்டார்.

அன்று மாலை அலமாரிக்குள் போனவர் ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தார்.

“ஹம்மிங்க வெட்டல. பின்னாடி கொண்டு போயிட்டேன்” என்றார். மைத்துனன் பழைய பதிவுக்குப் பதில் இதை ஏற்றினான். அண்ணன் பெயர் மாற்றும் விண்ணப்பத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ரேடியோ அம்மா பாட்டைப் பற்றி இரண்டு வரி கேட்டார். அண்ணன் நாலு பக்கம் எழுதினார். டீச்சர் திருத்திக் கொடுத்த இரண்டு வரி போயிற்று: ‘இவர் கண்ணுக்குச் சொட்டு விடுகிறவர். நீங்கள் விரட்டினாலும் திரும்பி வந்தவர்.’ சனிக்கிழமை பதினொரு மணிக்கு மூவரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ரேடியோ பக்கத்தின் மூலையில் அந்த நேரம் கேட்பவர்களின் எண்ணிக்கை ஓடும். பாட்டு ஆரம்பிக்கும்போது இருநூற்றுப் பன்னிரண்டு. முதல் சரணத்தில் இருநூற்று ஒன்பது.

“யாருடா அந்த மூணு பேரு?” என்றார் அண்ணன்.

“சும்மா இருங்க” என்றார் டீச்சர். சரணம் முடிகையில் இருநூற்று முப்பதைத் தொட்டது. ரேடியோ அம்மா பெட்டிக் கதையைச் சொல்லி, “கஷ்டமே இல்லைங்க, சலிச்சுப் போச்சுன்னா கூப்பிடுங்க, வந்துடுவாரு” என்று முடித்தார்.

அதற்கப்புறம் ஜனங்கள் வேண்டுமென்றே “வேற பாட்டு போடு” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மறந்துபோய்ச் சொன்னவர்களும் வரியைக் கேட்டு நின்றார்கள். மூன்று வாரத்தில் முப்பது விநாடி தாண்டியவர்கள் ஆயிரத்து அறுநூறு. டீச்சர் அலமாரியிலிருந்து தன் உடைகளை எடுத்துப் பரண் பெட்டிக்கு மாற்றினார்.

ஒருநாள் சாப்பிடும்போது எண்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார். “ஏங்க, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. வரி முடிஞ்சு ஹம்மிங் வந்ததும் எல்லாரும் கிளம்பிடறாங்க. கடைசி வரைக்கும் இருக்கறது மொத்தமே நாப்பத்தொரு பேரு.”

“அப்ப அத எடுத்துடலாமா மாமா? யாருக்கும் தெரியப் போறதில்ல” என்றான் மைத்துனன்.

சொட்டு அண்ணன் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

“போறவங்க போகட்டும்டா, பாட்டக் கேட்டுட்டுத்தானே போறாங்க, நான் என்ன கதவையா சாத்தினேன்? ஆனா கத்திரிய எடுத்துட்டு அந்த நாப்பத்தொரு பேரு பக்கம் நீ வரவே கூடாது. அவங்கள நான் நாற்காலியில உக்காரச் சொல்லல, கண்ணுல சொட்டும் விடல. அவங்களாவே கண்ண மூடிட்டு உக்காந்திருக்காங்க.”