கை சும்மா இருந்தால் வராத ஆங்கிலம்

டிரையரிலிருந்து சூடாக வந்து விழுந்த பெட்ஷீட்டுகளைப் பெரியவளும் சின்னவளும் ஆளுக்கொரு பக்கம் நின்று மடித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டலின் அடித்தளத்தில் இருந்தது அந்தச் சலவைக்கூடம். இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். பெரியவள், சின்னவள் என்று வீட்டில் வைத்த பெயரே வேலையிடத்திலும் ஒட்டிக்கொண்டது.

"வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்டபடி பெரியவள் இரண்டடி முன்னால் வந்தாள். சின்னவளும் வந்தாள். முனையோடு முனை சேர்ந்தது. தன் முனைகளைப் பெரியவளின் கையில் கொடுத்துக்கொண்டே, "மை நேம் இஸ்" என்று தொடங்கித் தன் பெயரைத் தெளிவாகச் சொன்னாள். தொங்கிய மடிப்பைக் குனிந்து பிடித்துப் பின்னால் நகரும்போது, "அண்ட் யுவர்ஸ்?" என்றாள்.

இதுதான் வகுப்பு. பலகை கிடையாது, புத்தகம் கிடையாது.

பெரியவள் முன்பு ஒரு பல் டாக்டரின் முன்னறையில் உட்கார்ந்திருந்தவள். வருகிறவர்களிடம் பெயரைக் கேட்க வேண்டும், எந்தப் பல் என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. டாக்டர் கடையைக் கட்டிக்கொண்டு போன பிறகும் அந்த இரண்டு கேள்விகள் அவள் நாக்கில் தங்கிவிட்டன. அதற்கு மேல் ஆங்கிலம் தெரியாது என்பதை அவள் மறைத்ததும் இல்லை. "பேரும் பல்லும்தான் எனக்குத் தெரியும். பேரை உனக்குத் தரேன். பல்லை நானே வெச்சுக்கறேன்" என்பாள்.

ஆரம்பத்தில் சாப்பாட்டு வேளையில் பெஞ்சில் உட்காரவைத்துத்தான் சொல்லிக்கொடுத்தாள். சின்னவள் விட்டத்தைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை. ஒருநாள் துணி மடிக்கும்போது விளையாட்டாகக் கேட்க, மடியிலிருந்து காய் உருண்டு விழுவதுபோலப் பதில் வந்து விழுந்தது. ஆடுகிற மாட்டை ஆடித்தானே கறக்க வேண்டும். அன்றிலிருந்து பெட்ஷீட் இல்லாமல் பாடம் இல்லை.

துணி வண்டி தள்ளுகிறவருக்கு இது நல்ல வேடிக்கை. "மேல தங்க வர்றவங்களும் ஆளுக்கொரு பெட்ஷீட்டோட வருவாங்களாம்மா?"

"அபசகுனமாப் பேசாதீங்கண்ணே. வண்டியைத் தள்ளுங்க" என்பாள் பெரியவள்.

"நான் கேட்டேன், அவ்வளவுதான்."

சின்னவளுக்கு அறைகளைக் கவனிக்கும் வேலைக்குப் போக வேண்டும். அங்கே ஜன்னல் இருக்கிறது என்பதுதான் காரணம். "வெயிலா மழையான்னு தெரியாமலே ஒரு நாள் போகுதுக்கா. ஊறுகாய் ஜாடிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு" என்பாள். மேலே போகிறவர்கள் விருந்தினரிடம் தன் பெயரைச் சொல்லி, அவர் பெயரைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். போன தடவை, அந்த வேலைக்கு ஆள் எடுக்கிற மேடம் கூப்பிட்டபோது நட்டுவைத்த கம்பமாக நின்றுவிட்டு வந்தாள். "இந்தத் தடவையும் ஊமையா நின்னா வெளியிலேருந்து ஆள் எடுத்துடுவேன்" என்று மேடம் சொல்லிவிட்டார்.

அன்று மதியம் அழைப்பு வந்தது. சலவைக்கூடத்தை ஒட்டியே மேடத்தின் கண்ணாடி அறை. சின்னவள் முகம் கழுவி, ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். பெரியவள் தலையணை உறைகளை எண்ணுகிற பாவனையில் வெளியே நின்றாள்.

மேடம் ஏதோ கேட்டார். சின்னவள் வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டார். சின்னவளின் இரண்டு கைகளும் இடுப்புக்குப் பக்கத்தில் எதையோ பிடிப்பதுபோல விரிந்து மூடிக்கொண்டிருந்தன. கால் இரண்டடி முன்னால் போய் நின்றது. மேடம் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

பெரியவளுக்குச் சுருக்கென்றது. 'கெட்டது போ. குத்தம் அவமேல இல்ல, எம்மேல.' குவியலிலிருந்து ஒரு பெட்ஷீட்டை உருவிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

"என்ன, பரீட்சைக்குத் துணையா?" என்றார் மேடம்.

"இவளுக்குக் கை சும்மா இருந்தா வாய் வராது மேடம். அப்படிப் பழக்கிட்டேன். தப்பு என்னோடது. இந்த ரெண்டு முனையைக் கொஞ்சம் பிடிங்க."

மேடம் எழுந்தார். திட்டத்தான் எழுந்தாரோ என்னவோ, அதற்குள் இரண்டு முனைகள் அவர் கைக்கும் மற்ற இரண்டு சின்னவளின் கைக்கும் வந்துவிட்டன. அவர் துணி மடித்துப் பல காலம் ஆகியிருக்க வேண்டும், நடுவில் தொய்ந்தது.

"இழுத்துப் பிடிங்க மேடம்" என்றாள் சின்னவள். அந்த அறைக்குள் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

பிறகு அவள் நடந்து வந்தாள். "குட் ஆஃப்டர்நூன். மை நேம் இஸ்" என்று பெயரைச் சொன்னாள். "வாட் இஸ் யுவர் நேம்?" மேடம் சொன்னார். அடுத்த மடிப்பில், "ஹவ் டு யூ ஸ்பெல் இட்?" மேடம் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அதற்கடுத்த மடிப்பில், "நைஸ் டு மீட் யூ."

பெட்ஷீட் சின்னச் சதுரமாகிப் பெரியவளின் கைக்குப் போய்விட்டது. மடிக்க ஒன்றுமில்லை. பெரியவள் இன்னொரு பெட்ஷீட் எடுத்துவர வாசல் பக்கம் திரும்பினாள். சின்னவளோ வெறுங்கையோடு நின்று, அதே வேகத்தில், "ப்ளீஸ் சிட் டவுன், மேடம்" என்றாள். மேடம் உட்கார்ந்தார்.

"விச் டூத்?"

பெரியவள் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். மேடம் சிரித்த சிரிப்பில் மேசைமேல் இருந்த மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது.

"திங்கக்கிழமை மேல வா. நாலாவது மாடி. யாரையும் பல்லை மட்டும் கேட்டு வெக்காத" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்னவள் பெரியவளின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "பல்லு எங்கேருந்துடி கத்துக்கிட்ட?" என்றாள் பெரியவள். "நீங்க தூக்கத்துல கேப்பீங்கக்கா. மாமாவே சொல்லிருக்கார்."

மேடம் பெரியவளைப் பார்த்தார். "இவ்வளவு சொல்லிக்கொடுக்கிற நீ ஏன் மேல வேலைக்குக் கேட்டு எழுதிக் குடுக்கலை? நாலாவது மாடியில இன்னொரு இடமும் காலி."

"ஆமாக்கா, வாங்களேன். சேர்ந்தே போவோம். என்ன சொல்றீங்க?"

வெளியே டிரையர் நின்று மணி அடித்தது. வண்டிக்காரர் ஒரு பெட்ஷீட்டின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி, "வாட் இஸ் யுவர்" என்று தொடங்கி, எதிரே ஆளில்லாமல் முழித்துக்கொண்டிருந்தார். பெரியவள் மடித்த துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளி வெளியே போய், அவருக்கு எதிர்ப்பக்கத்து முனைகளைப் பிடித்தாள்.