செல்வராணி திருத்தாமல் விட்ட வரி

செல்வராணி இறந்த செய்தி நம் பழைய கல்லூரி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே வந்தது. மாதனூர் பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்தவள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டாள் என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்க்காத யாரோ அடியில் கேக் படம் போட்டிருந்தார். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்று நான் நடத்த வேண்டியிருந்தது டேட்டாபேஸ் பாடம்.

உங்களில் பலருக்கு அவள் உரக்கச் சிரிக்கிற கடைசி பெஞ்சுக்காரி. எனக்கு லேபில் பக்கத்து நாற்காலி. தொண்ணூறுகளின் பிற்பகுதி; இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். பாகாயத்தில் நர்ஸ் வீட்டுப் பெண்ணான நான், எல்லாவற்றையும் நோட்டில் எழுதிப் பார்த்த பிறகே அடிப்பேன். அவள் நேராக அடிப்பாள். "தப்புன்னா மெஷினே சொல்லும்டி. நீ இன்னாத்துக்கு முன்னாடியே பயப்படுற?" என்பாள். மெஷினுக்குத் தெரியாத தப்புகளும் உண்டு என்பது அப்போது இருவருக்குமே தெரியாது.

ஓர் அட்டவணையில் ஒவ்வொரு வரியும் ஓர் ஆள் என்றால், ஓர் ஆளை இன்னோர் ஆளோடு குழப்பாமல் காட்ட எது வேண்டும் என்று சார் கேட்டது நினைவிருக்கும். எல்லோரும் பதிவெண் என்றோம். கடைசி வருட ப்ராஜெக்டுக்கு நான் கல்லூரி நூலகத்தை எடுத்துக்கொண்டேன். செல்வராணி, அவள் அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த ஷூ கம்பெனியை எடுத்துக்கொண்டாள். அங்கே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் ஆளுக்கொரு பித்தளை வில்லை, வில்லையில் ஒரு எண். அந்த டோக்கன் எண்ணைத்தான் அவள் ஆளுக்கு அடையாளமாக வைத்தாள். "எங்கம்மாவுக்கு ரேஷன் கார்டுல ஒரு பேரு, வீட்ல ஒரு பேரு. டோக்கன் மட்டும் நான் மூணாங்கிளாஸ் படிச்சதுலேந்து ஒண்ணுதான்" என்றாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பாராட்டினார். கம்பெனி அந்த ப்ராஜெக்டை வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் ரூமில் அவளுக்கு வேலையும் கொடுத்தது.

சில வருடங்கள் கழித்து அவள் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. வேலையை விட்டு, பல மாதம் கழித்துத் திரும்பிப் போனபோது பழைய டோக்கன் மலர் என்கிற புதுப் பெண்ணிடம் இருந்தது. பித்தளையை யாரும் தூக்கிப்போட மாட்டார்கள். ஓர் ஆள் வேலையை விட்டு நின்றால் அடுத்து வரும் ஆளுக்கு அந்த வில்லை போகும். கம்பெனியின் வழக்கமே அதுதான். அதுவரை அம்மா ஒரு நாளும் வேலையை விட்டதில்லை என்பதால் மகளுக்கு இது தெரிந்திருக்கவில்லை. கம்ப்யூட்டரில் அந்த வரியில் பெயரை மட்டும் மாற்றினார்கள். அம்மா சேர்ந்த தேதி அப்படியே நின்றது. அம்மா வேறு டோக்கனில், வேறு வரியில், புதுத் தேதியோடு ஏறினார். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின். "என் நம்பர மாட்டிக்கினு இருக்க, ஒழுங்கா தெய்" என்று அம்மா மலரைக் கிண்டல் செய்வாராம்.

அப்புறம் ஆர்டர் குறைந்தது. கடைசியாகச் சேர்ந்தவர்களை நிறுத்துவது என்று முடிவானது. யார் யார் என்று சொன்னது செல்வராணி எழுதிய ப்ரோக்ராம். அதில் அவள் அம்மா பெயர் வந்தது.

அன்று சாயங்காலம் அவள் பாகாயத்தில் என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள். தப்பைக் கண்டுபிடித்து மேனேஜரிடம் போயிருக்கிறாள். அவர், "இத்தனை பேருன்னு மேலேந்து சொல்லிட்டாங்கம்மா. உங்கம்மாவ லிஸ்ட்லேந்து எடுத்தா வேற ஒரு ஆள் அதுல வரணும்" என்றிருக்கிறார். அந்த வேறு ஆள் மலர். வரியைத் திருத்தினால் அம்மாவின் வருடங்கள் அம்மாவிடம் போகும், மலர் புதியவளாகிவிடுவாள்.

"திருத்து" என்றேன். "தெரிஞ்சப்புறம் விட்டு வச்சா அது தப்பில்ல, பொய்."

"பொய்தான். மலரு வீட்ல அது ஒண்ணுதான் சம்பாதிக்குது."

"உங்கம்மா?"

"கேட்டுட்டேன். 'அந்தப் பொண்ண எடுத்துட்டு என்னைப் போடாத. நம்ம வீட்ல உன் சம்பளம் வருது. இந்த வயசுல எவடி என்னைப் புதுசுன்னு சொல்லுவா? கம்ப்யூட்டராவது சொல்லுதே' அப்டின்றா." அப்போதுதான் அவள் அழுதாள். "சிரிச்சுக்கினே சொல்றாடி."

அம்மா அதன்பின் ஒரு காண்ட்ராக்டரிடம் ஷூவின் மேல்பாகங்களை வாங்கி வந்து வீட்டிலேயே கையால் தைத்தார். இறக்கும்வரை அதே வேலை. செல்வராணி ப்ரோக்ராமை மாற்றி, யாருக்கும் திரும்பக் கொடுக்காத எண் ஒன்றை ஒவ்வோர் ஆளுக்கும் வைத்தாள். அந்த ஒரு வரியை மட்டும் தொடவில்லை. அதன்பின் ஆட்களை நிறுத்தப் பட்டியல் கேட்டால், அச்சடிக்கும் முன் தையல் லைனுக்கு நடந்து போய் ஒவ்வொருவரிடமும் பேசிவிட்டு வருவாள். "ஸ்க்ரீன்ல இருக்கிறது பாதி. மீதி லைன்ல உக்காந்துக்கினு இருக்கு" என்பாள்.

இதைப் பற்றி நாங்கள் பல வருடம் சண்டை போட்டோம். பெங்களூரில் அவளுக்கு வேலை கிடைத்தும் போகவில்லை. இது வேலையில்லை, உன்னை நீயே தண்டித்துக்கொள்கிறாய் என்றேன். "நீ பாடம் நடத்துற. நான் தெனமும் அந்த கேட்ல நுழையறேன்" என்றாள். தெரிந்தே ஒரு பொய்யை அட்டவணையில் வைத்திருக்கும் மாணவிக்கு நான் மதிப்பெண் தர மாட்டேன். இன்றும் தர மாட்டேன்.

கம்பெனியை மூடிவிட்டார்கள். யாருக்கும் இனி இதனால் பாதிப்பில்லை என்பதால் எழுதுகிறேன்.

மாதனூரில் அவளைக் கிடத்தியிருந்த பந்தலில், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்காவோட படிச்சவங்க நீங்கதான? நான் மலரு. தையல் லைன்."

தலையசைத்தேன்.

"எனக்கு சர்வீஸ் ஜாஸ்தி இருக்குதுன்னு லைன்ல கிண்டல் பண்ணுவாங்க. மூணு வயசுலயே ஷூ தெச்சியாடின்னு. தேதி தப்பா கீதுன்னு அக்காகிட்டயே போய்ச் சொன்னேன். 'தெரியும், போய் வேலையப் பாரு'ன்னுச்சு. ஏன்னு கடைசி வரைக்கும் சொல்லல."

சொல்லாமல் இருந்திருக்கலாம். செல்வராணி அத்தனை வருடம் சொல்லாததற்குக் காரணம் இருந்திருக்கும். ஆனால் நான் தப்பைத் திருத்தியே பழகியவள். அந்தத் தேதி யாருடையது, அதைத் திருத்தியிருந்தால் யார் வெளியே போயிருப்பார்கள் என்று சொன்னேன்.

பறைச் சத்தம் நின்ற ஓர் இடைவெளியில் மலர் கேட்டாள்: "அப்ப மூணு வயசுல நான் தெச்சதெல்லாம் அவங்க தெச்சதா?"

ஆமாம் என்றேன். அவள் எழுந்து போய் செல்வராணியின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள். தூக்கும்வரை அங்கிருந்து நகரவில்லை.

செல்வராணி செய்தது சரியென்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை. மறுநாள் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, எண் இருந்தால் போதும் மேடம், ஆள் மாறவே மாட்டார் என்றாள். சரியான விடைதான். உட்காரச் சொல்லவில்லை. "அந்த எண்ணை அடுத்து யாருக்குக் கொடுப்பார்கள் என்று போய்க் கேட்டுவிட்டு வா" என்றேன். செல்வராணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். இதோடு, மலரிடம் சொல்லியிருக்க வேண்டாமோ என்ற உறுத்தலும்.